இடது காதில் கேட்டது

என் மகனுக்கு,

நாளை சாயங்கால ரயிலுக்கு நீ கிளம்புகிறாய். இந்நேரம் பெட்டியை மூடவும் திறக்கவுமாக இருப்பாய். கடிதத்தின் கனத்தைப் பார்த்துவிட்டு, கிழவனுக்கு வேறு வேலை இல்லை, ரயிலில் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்ப்பாய். உன்னைப் பெற்றவன் நான், உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா? அப்படிச் செய்யாதே. இதை இப்போதே, நின்ற இடத்தில் நின்று படி. படித்து முடிக்காமல் நீ அந்த ரயிலில் ஏறக்கூடாது.

நேற்று மத்தியானம் என்னிடம் சொல்லிக்கொண்டு போக, நான் வேலை பார்க்கிற டிஸ்பென்சரிக்கு வந்தாய். டாக்டர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தாய். அப்போதும் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றாய், நான் இறங்கி வந்தேன். முப்பத்தொரு வயதுக்காரன் நடுத்தெருவில் அப்பனைக் கட்டிப்பிடிப்பது நம் ஊரில் வழக்கமில்லை, ஆனால் நீ பிடித்தாய். என்னைவிட ஒரு சாண் உயரம் நீ. என் தலை உன் நெஞ்சில் சாய்ந்தது, இடது காது உன் சட்டைமேல் அழுந்தியது. அந்தக் காது பல வருஷமாகச் செவிடு என்பது உனக்குத் தெரியும். அந்தக் காதில்தான் எனக்குக் கேட்டது.

கேட்டது என்ன, நான் ஏன் பயந்து உன்னைத் தள்ளிவிட்டேன் என்று சொல்ல வேண்டுமானால், உன் அம்மா எப்படிச் செத்தாள் என்று சொல்ல வேண்டும். உனக்கு நான் முன்பு சொன்னது பொய். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் ஒத்திப் போடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

நான் சங்கு குளித்த காலத்தில் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன் தாய்மாமன்தான் எனக்குக் கயிறு பிடிப்பான். நம் ஆட்களில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் என்ற கணக்கு. ஏழு எட்டுப் பாகம், அதாவது ஏழெட்டு ஆள் ஆழத்தில் பாறைத் திட்டு கிடக்கும், அதற்கு எங்கள் பேச்சில் "பார்" என்று பேர். அங்கே போய்க் குந்தினால் கடல் ஊமையாக இருக்காது. ஈர உப்பை அடுப்பில் அள்ளிப் போட்டது போல நாலு பக்கமும் பொரிந்துகொண்டே இருக்கும். எல்லாக் குளியாளும் அதைக் கேட்டிருக்கிறான், மேலே வந்து யாரும் பேசமாட்டான். ஒரு நாள் இரண்டு சங்கு எடுத்த பிறகு மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டது. உன் மாமன் மேலேயிருந்து கயிற்றைச் சுண்டினான், நான் கேட்கவில்லை. இடது காதுக்குள் சூடாக என்னவோ உடைந்தது. வள்ளத்தில் என்னைத் தூக்கிப் போட்டபோது காதிலும் மூக்கிலும் ரத்தம். கை மட்டும் அந்த மூன்றாவது சங்கை விடவில்லை என்று உன் மாமன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

உன் அம்மா சிரிக்கவில்லை. "இனிமே நீங்க கடலுக்குப் போனா நான் கெணத்துக்குப் போயிருவேன், பாத்துக்கிடுங்க" என்றாள். நாற்பத்திரண்டு வயதில் கடல் இல்லாமல் நான் என்ன செய்வேன்? நம் மாதா கோவில் பங்குச் சுவாமிதான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து டவுனில் இருந்த டாக்டரிடம் அனுப்பினார். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது, தினமும் நசுங்கின விரலும் கிழிந்த தொடையுமாக ஆள் வரும். டாக்டருக்கு ரத்தத்தைப் பார்த்து மயங்காத ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர் ஆழ்வார்திருநகரிக்காரர், பெருமாள் கோயில் வாசலில் பிறந்தவர். என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கை நல்லாத்தான் இருக்கு. நடுங்காதுல்லா? அது போதும்வே. மத்ததை நான் சொல்லித் தாரேன்" என்றார். அப்படித்தான் நான் டாக்டருக்குக் கையாள் ஆனேன். ஊசியைக் கொதிக்க வைத்தேன், புண் கழுவினேன், தையல் போடும்போது தோலை ஒட்டிப் பிடித்தேன், கொஞ்ச நாளில் சின்னத் தையலை நானே போட்டேன். ஊர்க்காரர்கள் கம்பவுண்டர் என்று கூப்பிட்டார்கள். நம் தெருவில் மட்டும், "சங்கு எடுத்தவன் இப்ப ஊசி போடுதான்" என்று கேலி பேசினார்கள். பேசிவிட்டு, இடுப்பில் கட்டி என்றால் என்னிடம்தான் வந்து நின்றார்கள்.

நீயும் இப்போது அதே வேலைக்குத்தான் போகிறாய். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டின கையோடு மிஷன் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கப் போகிறாய். உன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் உனக்கு வேலை சொல்வார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நோயாளியைத் தொடுமுன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள். கட்டுப் பிரிக்கும்போது அவர் ஊர் எது, என்ன சாப்பிட்டார் என்று கேட்டுக்கொண்டே பிரி, பாதி வலி பேச்சில் போய்விடும். டாக்டர் சொல்ல வேண்டியதை நீ முந்திச் சொல்லாதே. இந்தக் கடைசி ஒன்றை நான் காப்பாற்றவில்லை.

காது விஷயத்தை நான் டாக்டரிடம் மறைத்தேன். ஒரு காதை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சமாளித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வெயில் கொளுத்துகிற பன்னிரண்டு மணிக்கு, மூட்டை தூக்குகிற சவரிமுத்து என்பவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான். பெஞ்சில் இருந்தவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். அப்போது என் இடது காது அவன் மாரில் பட்டது. உப்பு பொரிகிற சத்தம். எங்கேயிருந்து வருகிறது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். ஸ்டவ் அணைந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, உப்பளத்துப் பக்கமிருந்து கண் கூசுகிற வெளிச்சம் மட்டும் சன்னலில் வந்துகொண்டிருந்தது. தலையை எடுத்தேன், சத்தம் நின்றது. மறுபடி வைத்தேன், கேட்டது. பாரில் குந்தியிருக்கும்போது கேட்ட அதே சத்தம். டாக்டர் பக்கத்திலேயே இருந்தார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். மூன்று மணிக்குச் சவரிமுத்து போய்விட்டான்.

அடுத்தது ஒரு கிழவி. உடன்குடிப் பக்கத்திலிருந்து அவள் மகன், பலசரக்குக் கடை அண்ணாச்சி, வாடகைக் காரில் கொண்டுவந்தார். அவளை நிமிர்த்தி உட்கார வைக்க என் தோளில் சாய்த்தேன், அதே பொரிச்சல். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "ஈரத்தோட நிக்கானே, துண்டு கொடுக்கப்படாதா?" என்றாள். திரும்பினேன். சுவர்தான் இருந்தது, மருந்துக் கம்பெனி காலண்டர் தொங்கியது. "யாரும்மா?" என்று கேட்டேன். "ஒங்கூடத்தான வந்தான்" என்றாள். மறுநாள் காலையில் அவளும் போனாள். அன்றிலிருந்து நான் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருவேன். நீ கூட ஒரு தடவை கேட்டாய், முதுகு வலியா அப்பா என்று. ஆமாம் என்றேன்.

பிறகு இன்னும் நாலைந்து பேர். யார் நெஞ்சில் கேட்டதோ அவர்களில் ஒருவரும் தங்கவில்லை. முதலில் பயந்தேன். போகப்போக, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகிவிட்டது. எட்டுப் படிக்காதவனுக்கு டாக்டரைவிட முந்தித் தெரிகிறதே என்ற பெருமை. சொந்தக்காரர்களைத் தனியே கூப்பிட்டு, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று மெல்லச் சொல்வேன். நம் ஆட்களாக இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் சுவாமிக்கு ஆள் அனுப்புவேன். சாகிறவனுக்குச் சுவாமி வந்து எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். என் அப்பனுக்கும் அவர் அப்பனுக்கும் அது கிடைக்கவில்லை. கடலில் போனவனுக்கு எண்ணெய் ஏது? குளியாள் வீட்டில் பிறந்தவன் சாவுக்குப் பயப்படுவதைவிட எண்ணெய் இல்லாத சாவுக்குத்தான் அதிகம் பயப்படுவான். அந்தப் பயம் என் ரத்தத்தில் இருந்தது. கொஞ்ச நாளில் நோயாளிகள் என் இடது பக்கம் உட்காருவதில்லை என்று கவனித்தேன். பெஞ்சில் அந்த ஓரம் மட்டும் எப்போதும் காலியாகக் கிடந்தது.

இனி அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். எமர்ஜென்சி காலம், பஸ்கூட நேரத்துக்கு வந்த வருஷம். நீ காலை ஷிப்டில் கப்பலில் இருந்தாய். உன் அம்மா தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். அவளுக்குக் கால் வீங்கி இரண்டு வாரமாகியிருந்தது. ஊரார் காலையெல்லாம் அமுக்கிப் பார்த்தவன் வீட்டுக் காலைப் பார்க்கவில்லை. படியேறி வந்தவள் தூக்குச்சட்டியைக் கீழே வைக்கக்கூட முடியாமல் மூச்சு வாங்கினாள். தாங்கிப் பிடித்தேன். காது அவள் மாரில் பட்டது. பொரிந்தது, மகனே. அதுவரை எவரிடமும் கேட்காத அளவுக்குப் பொரிந்தது. கடலே அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது.

"டாக்டரக் கூப்பிடுங்க" என்றாள்.

வாசலில் ஒரே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், அவர் வீடு கிழக்கே நாலு தெரு. கோவில் மேற்கே அதே தூரம். ரிக்‌ஷாக்காரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மேற்கே கையைக் காட்டினேன். "சுவாமியக் கூட்டிட்டு வாலே, எண்ணெயோட வரச் சொல்லு, ஓடு" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவள் முடிந்துவிட்டாள் என்று என் காது தீர்ப்புச் சொல்லிவிட்டது, எண்ணெய் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பதைப்பு.

படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே இருந்தாள். வாயோரம் நுரை. நடுவில் நடுவில் என் கையைப் பிடித்து, "வாராரா?" என்று கேட்டாள். "வாராருளா, இந்தா வந்துட்டாரு" என்றேன். அவள் டாக்டரைக் கேட்டாள், நான் சுவாமியைச் சொன்னேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. வந்தது வெள்ளை அங்கி. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். சுவாமி நெற்றியில் எண்ணெய் வைத்தார். கைகளை விரித்துக் காட்டினாள், கீழ்ப்படிகிற பெண்ணைப் போல. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது.

டாக்டர் வழக்கம்போல நாலு மணிக்கு வந்தார். அவளைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். "எனக்கு ஏன்வே ஆளனுப்பல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்போதுதான் காதைப் பற்றி அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் மேஜையிலிருந்து கவட்டை மாதிரி ஒரு எஃகுத் துண்டை எடுத்து, தட்டி, என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தக் காதுல கேக்கு?" இடது காதில் கேட்டது. "கிழிஞ்ச காது எலும்பு வழியா வாரதை நல்லாப் பிடிக்கும். நெஞ்சுல நீர் கோத்தா அப்படித்தான் பொரியும். அது சாவு இல்லவே, சீக்கு. எங்கிட்ட மருந்து இருந்துது" என்றார்.

நீ துறைமுகத்திலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்தாய். டாக்டர் எங்கே போனார் என்று என் சட்டையைப் பிடித்தாய். நான் சொன்னேன்: ஆள் அனுப்பினேன், சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், வரவில்லை. அந்த நிமிஷத்தில் உன் கண்ணைப் பார்த்து வேறு எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ போய் அவரை நோயாளிகளுக்கு நடுவில் நிறுத்தி என்னென்ன பேசினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் உன்னைப் பார்க்கவில்லை, உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "தாய் போயாச்சு. தகப்பனும் போயிட்டா அந்தப் பயலுக்கு யாருவே இருக்கா?" என்றார். இத்தனை வருஷமும் நீ போட்ட பழியை அவர் சுமந்தார், நான் அவரிடமே வேலை பார்த்தேன்.

இந்த வேலைக்கு ஏன் போகிறாய் என்று போன மாதம் கேட்டேன். "கூப்பிட்டா எந்திரிச்சு வார ஒருத்தனா இருக்கணும்ப்பா, அந்த ஆளு மாதிரி இல்லாம" என்றாய். உன் புது வாழ்க்கையே என் பொய்யின்மேல் நிற்கிறது. தெரிந்த பிறகு நீ போக வேண்டாம் என்று முடிவு செய்தால் அது உன் இஷ்டம். போனால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் உண்மை தெரிந்து போ.

அவள் போன நாளிலிருந்து என் இடது காதில் ஒன்றும் கேட்டதில்லை. வேண்டுமென்றே யார் மாரிலும் தலை படாமல் பார்த்துக்கொண்டேன். நேற்று நீ கட்டிப்பிடித்தபோது கேட்டது. மெல்லத்தான், தூரத்தில் யாரோ ஒரு சிட்டிகை உப்பை நுள்ளிப் போடுவது போல. அதோடு இன்னொன்றும் கேட்டது. அந்தப் பொரிச்சலுக்கு அடியில், உன் அம்மா குரலில், "வாராரா?" என்று கேட்டது. எலும்பு வழியாக வருகிற எந்தச் சத்தமும் அப்படிக் கேட்காது என்று எனக்குத் தெரியும். தெருவில் கூட்டம் இருந்தது, பட்டப்பகல், நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

நேற்று நாலு மணிக்கு டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குரலைக் கேட்டதைச் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வேறு கேட்டார். வின்ச் வேலையை ஏன் விட்டான்? ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு தடவை சொன்னான் என்றேன். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா? யோசித்தேன். உனக்குப் பத்து வயதில் முழங்கால் இரண்டும் பந்தாக வீங்கி, காய்ச்சலோடு மூன்று வாரம் கிடந்தாய். வளருகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று எண்ணெய் தேய்த்துவிட்டுக் கடலுக்குப் போனேன். இதைச் சொன்னதும் அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தக் காய்ச்சல் முழங்காலை விட்டாலும் நெஞ்சை விடாதாம். உள்ளே இருக்கிற கதவு ஒன்றைச் சுருக்கிவிடுமாம். நேரத்தில் பார்த்தால் வைத்தியம் உண்டு, மதுரையில், வேலூரில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். பார்க்காமல் ரயில் ஏறக்கூடாது என்றார்.

அவன் உங்களை வாசலில் நிற்க விடமாட்டான் டாக்டரய்யா, உண்மையை நான் முதலில் எழுதிக் கொடுக்கிறேன், காலை வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுத்தார். இன்று டிஸ்பென்சரியைத் திறக்கவில்லை. இதை எழுதுகிற மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "முடிஞ்சுதாவே? என்னவே கதை எழுதுதீரு?" என்று நொடிக்கொரு தரம் கேட்கிறார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டாயிற்று.

என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உன் அம்மாவிடமே அதைக் கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. என்னோடு பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும். ஆனால் அவரை நிற்க வைக்காதே. என் காது சொன்னது பொய்யாகப் போனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரியுங்கள், நான் அதற்காகத்தான் நேற்றிலிருந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கோவிலுக்குப் போய் அல்ல, இங்கே, இவர் எதிரே உட்கார்ந்துதான்.

கடிதத்தை உன் வாசலில் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பேன். என் முகத்தைப் பார்க்க வேண்டாம். நீ படித்து முடிக்கும்போது உன் வாசற்படியில் நிற்கிறவர் சுவாமி அல்ல, டாக்டர். நான் ஆள் அனுப்பவில்லை, நானே கூட்டிக்கொண்டு வந்தேன். கதவைத் திற.